சிவப்பு வெளிச்சத்தில் மறைந்த தேமல்

இடது முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு திட்டு. அரிப்பில்லை, வலியில்லை. தேமல் என்று நினைத்தேன். வலிக்காத ஒன்றுக்காக யார் டாக்டரைத் தேடிப் போகிறார்கள்?

பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் எனக்கு வேலை. கடை விளக்கில் சேலையின் நிறம் பொய் சொல்லும் என்பதால், வாங்க வருகிறவர்களை வாசலுக்குக் கூட்டிப்போய் வெயிலில் காட்டுவது எங்கள் வழக்கம். அங்கே முந்தானையை முன்கையில் விரிக்கும்போது அவர்கள் கண் சேலையை விட்டுத் திட்டுக்குப் போனது. குடோனுக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயந்து முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்டேன். பிறகு ஸ்ரீவராகத்தில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் சிவப்பு விளக்குச் சிகிச்சை அங்கே புதிதாக வந்திருந்தது.

பார்லர்க்காரி அன்பானவள், மலையாளம் கலந்து பேசுவாள். "சூடு கூடினா பறையணும் கேட்டோ சேச்சி" என்று விளக்கைத் திட்டுக்கு நேராக இறக்குவாள். நான் ஒருநாளும் சொன்னதில்லை. "சேச்சிக்கு நல்ல பொறுமையாக்கும். மத்தவங்க கிடந்து துள்ளுவாங்க" என்பாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முடிந்ததும் விளக்கை அணைக்காமலே கண்ணாடியைப் பிடிப்பாள். "நோக்குங்க, கொறஞ்சிருக்குல்லா?" குறைந்துதான் தெரிந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். எனக்குக் கண்ணாடியும் வேண்டியிருந்தது, அந்தச் சிவப்பு வெளிச்சமும் வேண்டியிருந்தது.

வீட்டுக்காரர் மட்டும், "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல்லியே" என்றார்.

"உங்களுக்குச் சேலைக் கலரே தெரியாது" என்று அவர் வாயை அடைத்தேன்.

ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. அப்புறம் சேலைக் கொசுவம் விரலிலிருந்து நழுவத் தொடங்கியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி நின்றன. அதற்குப் பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனேன்.

டாக்டர் நாகர்கோவில்காரர், வயதில் மூத்த பெண்மணி. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொடும்போது சொல்லச் சொன்னார். நான் காத்திருந்தேன். "தொட்டு முடிச்சாச்சும்மா" என்றார். முழங்கைக்குப் பின்னால் அல்நார் நரம்பு (சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்வும் பலமும் தருவது) தடித்திருந்தது. தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய், மருந்தால் குணமாகும்) என்றார். அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் அவர்தான் சொன்னார். முதல் சொல்லைக் கேட்டதுமே நான் அழத் தொடங்கியிருந்தேன்.

அழுது ஓய்ந்து, "அப்போ அந்த லைட் ஏமாத்தா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லிர முடியாது. முகச் சுருக்கத்துக்கும் பருவுக்கும் கொஞ்சம் கேட்கும்னு சில ஆய்வு உண்டு. எல்லாம் சின்னச் சின்ன ஆய்வு. இந்த நோய்க்குக் கேட்கும்னு ஒண்ணும் கிடையாது. போதாததுக்குச் சிவப்பு வெளிச்சத்துல வெளிறின தோல் தனியாத் தெரியாதுல்லா? ஆமா, அந்தச் சூடு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

இல்லை என்றேன். நான் பொறுமைசாலி அல்ல. என் தோல் மரத்துப்போயிருந்தது.

கூட்டு மருந்து மாத்திரைகளும், நரம்பின் வீக்கத்தைத் தணிக்க ஸ்டீராய்டும் சாப்பிட்டேன். கிருமி போய்விட்டது. வீட்டில் யாருக்கும் வரவில்லை. விரல்கள் மட்டும் நிமிரவில்லை. "நேரத்தே வந்திருந்தா மீட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். திட்டாமல் சொன்னார், அதுதான் இன்னும் வலிக்கிறது.

உங்கள் உடம்பில் வெளிறிய திட்டு இருந்தால் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். உணர்வு இல்லையென்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

இப்போது சுடுதண்ணீரை வலக்கையால் தொட்டுப் பார்த்த பிறகே இடக்கையை விடுகிறேன். எதற்கும் முன்பைவிட நேரம் பிடிக்கிறது. கடையில் என்னைக் குடோனுக்கு மாற்றவில்லை. கொசுவம் மடிப்பதை வேறொருத்தி செய்கிறாள், நான் வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். "கடை லைட்ட நம்பாதீங்கம்மா, வெளிய வந்து பாருங்க" என்கிறேன். அந்த மழைக்காலம் முழுக்கவும் இதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக்கை ரவிக்கைக்குள் மூடியிருந்த என் கையை மட்டும் ஒருநாளும் அந்த வாசல் வெளிச்சத்தில் திறந்து பார்க்கவில்லை.