ஆற்றோரம் கட்டிய பந்தல்

கல்கத்தாவுக்குத் தெற்கே, ஹூக்ளி ஆற்றின் கரையில் அந்தத் தொல்லியல் மேடு இருந்தது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு கூடை மண் அள்ளினாலும் தண்டனை என்று நீலப் பலகை எச்சரித்தது. ஆறு மட்டும் தினமும் அள்ளிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அகழாய்வுப் பயிற்சிக்கு நான் அங்கே போனபோது, அரிக்கப்பட்ட கரையில் ஓர் உறைகிணறு பாதி வெளியே தெரிந்தது. சுட்ட மண் வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. காளி பூஜை அமாவாசைக்கு வரும் பெரிய நீரேற்றத்தில் அது போய்விடும்.

தோண்ட அனுமதி வந்துவிட்டது. நிற்கத்தான் இடமில்லை. மேலே நின்றால் கரை சரியும், கீழே இடுப்பளவு சேறு. குழுவின் தலைவி வங்காளி, எங்கள் எல்லோருக்கும் தீதி, அதாவது அக்கா. “வரைஞ்சு, படம் எடுத்து வச்சுக்கலாம். வேற வழியில்ல” என்றார். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பூஜை விடுமுறைக்குக் கல்கத்தாவில் பவானிபூர் வீட்டுக்கு வந்தேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் மிதித்த முதல் ஆள் நான்.

“ஏன்டா, இத்தனை படிச்சது மண்ணு வெட்டவா? அதுக்கு அப்பவே என்கூட டாக்குக்கு வந்திருக்கலாமே!” என்றார்.

ஜன்னல் பக்கம் திரும்பினேன். தெருவில் துர்க்கா பூஜைப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாடி உயர மூங்கில், ஓர் ஆணி கிடையாது, எல்லாம் கயிற்றுக்கட்டு. அதன் உச்சியில் உட்கார்ந்து ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி ஓடினேன்.

“ஆத்தோரம் ஒரு கிணத்தை வெளிய எடுக்கணும், பந்தல் கட்டித் தருவீங்களா?”

பந்தல் மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கிணத்துல தண்ணி எடுப்பாங்க. கிணத்தையே எடுப்பாங்களா? சரி தம்பி, காளி பூஜைக்கு முன்னால ஆளை விட்டுடணும், அந்தப் பந்தலுக்கும் இதே மூங்கில்தான்.”

மூங்கில் லாரியைப் பார்த்ததும் தீதி கேட்டார்: “இது எந்தப் புத்தகத்துல இருக்கு?”

“எங்க தெருவுல இருக்கு, தீதி.”

சிரித்துவிட்டார். “கட்டச் சொல்லு.”

நீர் வடிந்த நேரமாகப் பார்த்துச் சேற்றில் மூங்கிலை ஊன்றினார்கள். கரையில் ஒரு விரல்கூடப் படாமல் சாரம் எழுந்தது. அதில் நின்று மண் அடுக்குகளை வரைந்தோம். பிறகு ஒவ்வொரு வளையத்துக்கும் எண் எழுதி, சாக்கில் சுற்றி, கைமாற்றிக் கைமாற்றி உறுதியான தரைக்குக் கொண்டுபோனோம். பூஜையன்று காலையில் அடி வளையம் மட்டும் பாக்கி.

“சீக்கிரம்! அங்க காளி நிக்க இடமில்லாம காத்திருக்கா!” என்று மேஸ்திரி கத்தினார்.

சேற்றோடு அதைத் தூக்கினோம். உள்ளே ஒரு சின்ன மண்குடம், விளிம்புகூட உடையாமல்! அதைக் கையில் வாங்கிய தீதி விரலால் சேற்றை வழித்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூங்கிலை அவிழ்த்து ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது.

சாயங்காலம் நீர் ஏறியது. கிணறு இருந்த கரை அப்படியே பெயர்ந்து ஆற்றில் விழுந்தது. கிராமத்து ஜனங்கள் “ஐயோ” என்றார்கள்.

“விழட்டும், இனி அது வெறும் மண்ணு” என்றார் தீதி. நான் விசிலடித்தேன்.