சீனி தொடாத ஐஸ்கிரீம்

அந்தப் பொருளுக்கு ஐஸ்கிரீம் என்று பெயர் வைத்தது தவறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் சீனி கிடையாது. பாலும் கிடையாது; பாதாமை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த வெள்ளைத் தண்ணீரைப் பால் என்கிறார்கள். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது குளிர்ச்சி மட்டும்தான். அதற்கு ஃப்ரீசர் கதவைத் திறந்து முகத்தைக் காட்டினாலே போதும்.

இது என் வீட்டுக்குள் நுழைந்தது என் மனைவியின் கண்ணால். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் முன்பே மங்கிவிட்டது. வலது கண்ணை நம்பித்தான் அவள் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தாள், அதுவும் கைவிட ஆரம்பித்தது. ஒரு நாள் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க உள்ளங்கையைக் கொண்டுபோய் வைத்தாள். நீலச் சுடர் அவளுக்குத் தெரியவில்லை. கை கொப்பளித்தது. அன்றைக்கே காரைக்குடியில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் சோதித்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணினா நல்லாத் தெரியும். ஆனா இந்த சுகரோட நான் கை வைக்க மாட்டேன். குறைச்சுட்டு வாங்க" என்றார்.

நான் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன். ஓர் எண்ணைப் பார்த்தால் அது ஏன் ஏறியது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியாது. என் மனைவியின் சுகர் எண் ஏன் ஏறுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. ராத்திரி இட்லி முடிந்ததும் அவளுக்கு ஐஸ்கிரீம் வேண்டும். மாத்திரையை மறப்பாள், இதை மறக்க மாட்டாள். நிறுத்து என்றேன்.

"கண்ணும் போயி, ஐஸ்கிரீமும் போயி, நா என்னத்துக்கு உக்காந்திருக்கணும்? ஒங்க மூஞ்சியப் பாக்கவா? அதுவும்தான் தெரியலையே" என்றாள்.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து மகனும் மருமகளும் வந்தார்கள். மருமகள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவள். கையில் ஒரு வாளி கொண்டுவந்தாள். சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பர் வாளி என்றுதான் நினைத்தேன். மேலே கழுத்தே இல்லாத ஒருவனின் படம். உள்ளே புரோட்டீன் பவுடர். எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று லேபிளைப் படித்தேன். பதினான்கு சரக்குகள் போட்டிருந்தது. அதில் நான்கின் பெயரைத்தான் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. முதல் சரக்கு, பால் திரிந்தால் நாம் வடித்துக் கீழே கொட்டுகிற தண்ணீர். அதைக் காயவைத்துப் பொடியாக்கி, கழுத்தில்லாதவனை ஒட்டிவிட்டார்கள்.

"கார்ப் ரொம்பக் கம்மி மாமா, புரோட்டீன் ஜாஸ்தி. அத்தை தினமும் சாப்பிடலாம். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன்" என்றாள்.

"ஐஸ்கிரீமை நிறுத்தச் சொன்னா, அதைப் பயில்வான் சாப்பாடா ஆக்கிட்டு வந்திருக்கியா?"

"நீங்க சொல்லி அத்தை நிறுத்திட்டாங்களா, மாமா?"

துணைக்கு மகன் பக்கம் திரும்பினேன். மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான்.

பாதாம் பால், நன்றாகத் தண்ணீர் வடித்த தயிர், அந்த வாளிப் பவுடர், இனிப்புக்கு ஏதோ ஒரு வெள்ளைப் பொடி. மிக்ஸியில் அடித்து ஃப்ரீசரில் வைத்தாள். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்து முள்கரண்டியால் கிளற வேண்டுமாம். அந்த வேலை என்னிடம் வந்தது. இந்த வீட்டில் மணி பார்க்கிறவன் நான் ஒருவன்தானே. நான்கு முறை கிளறினேன். ஐந்தாம் முறை கரண்டி இறங்கவில்லை. மறுநாள் எடுத்தபோது அது கல். தேங்காய் உடைக்கும் அரிவாளின் முதுகால் தட்டித்தான் பெயர்க்க முடிந்தது. நாக்கில் வைத்தால் முதலில் குளிர்ச்சி, பிறகு சுவரில் வெள்ளையடித்த வாசனை, கடைசியில் தொண்டையில் ஒரு பொய்த் தித்திப்பு.

"கொஞ்ச நேரம் வெளியில வச்சு எடுத்தா சாஃப்டா ஆயிடும் மாமா. சர்க்கரை இல்லாததால..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சீனி இல்லாததாலதான் கல்லு மாதிரி உறையுது" என்று திருத்திச் சொன்னாள்.

அந்தத் திருத்தத்துக்கு ஒரு கதை உண்டு. எங்கள் பக்கம் வெள்ளையாக இருப்பது சீனி. பழுப்பாக, தூளாக, கரும்பு வாசனையோடு இருப்பதுதான் சர்க்கரை. சென்னைக்காரர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. வெள்ளையையே சர்க்கரை என்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் காப்பியில் சர்க்கரை பத்தவில்லை என்றாள். என் மனைவி கேட்டதைக் கேட்டபடி பழுப்புச் சர்க்கரையை ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தாள். காப்பி திரிந்தது, கூடம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அந்தப் பெண் எங்கள் வீட்டு வாசலை மிதித்ததும் சீனி, சீனி என்றுதான் பேசுவாள்.

ஊருக்குக் கிளம்பும்போது அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "செய்முறை உங்களுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. டேஸ்ட் வேணும்னா கொக்கோ தூள் போட்டுக்கங்க. ஆனா சீனியை மட்டும் தொடாதீங்க அத்தை. ப்ராமிஸ்?"

"எங்க ஆத்தா மேல சத்தியமாத் தொட மாட்டேன்."

என் மனைவி செய்த முதல் இரண்டு தடவையும் கல்தான் வந்தது. மூன்றாவது தடவையிலிருந்து ஓர் அதிசயம். கரண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. அரிவாளுக்கு வேலையில்லை. நிறமும் லேசாகப் பழுப்பேறியிருந்தது. கொக்கோ தூளாக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்குச் சந்தேகம் முழுக்க ஃப்ரீசர் மேல். கதவு ரப்பரைத் துடைத்தேன், காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்தேன், குளிர் கூட்டும் குமிழை ஐந்தாம் எண்ணுக்குத் திருப்பினேன். பட்டாணி பாறையாக உறைந்தது, மீன் விறைத்தது, ஐஸ்கிரீம் மட்டும் அல்வாவாக இருந்தது. மனைவி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

"மருமக கெட்டிக்காரிதான். மொதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு, இப்ப வாய்க்குப் பழகிருச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனோம். ஆபரேஷனுக்குத் தேதி தருவார்கள் என்று புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ரத்தம் எடுத்தார்கள். எண் இறங்கவில்லை, ஏறியிருந்தது. டாக்டர் காகிதத்தையும் எங்களையும் பார்த்துவிட்டு, "வீட்டுல என்னதான் சாப்பிடறாங்க? இப்படியே போனா புரை மட்டும் இல்ல, உள்ள நரம்பும் கெட்டுப்போகும். அப்புறம் ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இருக்காது" என்றார்.

ஆட்டோவில் அவள் ஒன்றும் பேசவில்லை. கிண்டல் பண்ணுகிற வாய் மூடியிருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மருமகளைப் போனில் கூப்பிட்டேன், சண்டை போடத்தான்.

"உன் வாளியை வந்து எடுத்துட்டுப் போ. கழுத்தில்லாதவன் என் பொண்டாட்டி கண்ணைப் பறிச்சிருவான் போல."

அவள் நிதானமாகக் கேட்டாள். "மாமா, ஐஸ்கிரீம் எப்படி வருது? கல்லாவா?"

"கல்லா? அல்வா மாதிரி வழுக்குது. ஃப்ரீசர் சரியில்லை."

"ஃப்ரீசர் நல்லாத்தான் இருக்கு மாமா. அதுல சீனி இருக்கு. சீனி இருந்தாத்தான் அப்படி மெத்துன்னு வரும். அத்தைகிட்ட குடுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன். என் மனைவிக்கு வந்ததே கோபம்.

"யாரு, நானா? சீனி டப்பா இருக்குற தெசைக்கே போகல. ஆத்தா மேல சத்தியம் பண்ணிருக்கேன். வேணும்னா ஒங்க மாமாவ டப்பாவ நிறுத்துப் பாக்கச் சொல்லு, அவுகளுக்கு அதுதான வேலை."

"அப்ப வேற என்ன அத்தை போட்டீங்க?"

"என்னத்தப் போட்டேன்? அது வாயில வைக்க வெளங்கல. நாலு கரண்டி சர்க்கரை போட்டேன்."

"சர்க்கரையா!"

"சீனியத்தான வேணாம்ன? சர்க்கரையும் வேணாம்னா வாயத் தொறந்து சொல்லணும்ல?"

மறுபக்கம் மருமகள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு விளங்கவில்லை. எங்களிடம் பரிகாசப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒரு சொல்லை அவள் மரியாதையாகச் சரியாகச் சொன்னாள். என் மனைவி அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். இரண்டு பேரும் ஒழுங்காக இருந்து ஒரு கண்ணைக் கெடுக்கப் பார்த்தார்கள்.

இதில் என் மனைவியை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்தப் பக்கத்தில் சுகர் உள்ளவர்கள் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. சர்க்கரை, கருப்பட்டி, தேன், இவையெல்லாம் இனிப்புக் கணக்கில் வராது. கல்யாண வீட்டுப் பந்தியில் காப்பிக்குச் சீனி வேண்டாம் என்று கையை விரித்து மறுக்கிறவர், கவுனி அரிசி இனிப்பு வந்தால் இலையை முன்னால் நகர்த்தி வாங்கிக்கொள்வார். கறுப்பரிசி சுகருக்கு நல்லதாம். அதன் மேல் கிடக்கும் சீனியும் அரிசியோடு சேர்ந்து நல்லதாகிவிடும் போலிருக்கிறது. இவர்களில் பட்டம் வாங்கியவர்கள் பலர்.

அன்று முதல் அடுப்படியில் நானே நின்றேன். சர்க்கரை டப்பா பீரோவுக்குள் போனது. மருமகள் போனில் சொல்லச் சொல்ல, கழுத்தில்லாதவனின் பொடியை நானே தலைதட்டி அளந்து போட்டேன். மறுபடியும் கல், மறுபடியும் அரிவாள். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டாள், ஆனால் சாப்பிட்டாள். வேறு ஐஸ்கிரீம் கேட்கவில்லை. ஆட்டோவில் மூடிய வாய் அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். எண் மெதுவாக இறங்கியது. கடைசியில் டாக்டர் வலது கண்ணில் கை வைத்தார்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி, வழக்கம்போல் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கிண்ணத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன கலரு?"

"ஐஸ்கிரீம் கலரு."

"சுண்ணாம்புச் சட்டியக் கழுவி ஊத்துன மாதிரி இருக்கு. கண்ணு தெரியாதவளுக்கு இதையவா இத்தன நாளும் குடுத்தீக?"

"நல்லாத்தான் இருக்கும், சாப்பிடு." இதை என் வாயால் சொல்லும்படி ஆயிற்று.

"இனிமேலும் இதுதானா?"

"இடது கண்ணு பாக்கி இருக்குல்ல?"

கிண்ணத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கரண்டியை எடுத்தாள்.