மார்கழியில் வாங்கிய குடுவைச் செடிகள்

1996 டிசம்பர். தோட்டக்கலை படித்துவிட்டு ஊட்டியில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். விடுமுறைக்குக் கோவையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மேட்டுப்பாளையம் சாலையில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ஓர் அக்காவிடம் இரண்டு குடுவைச் செடிகளைப் பார்த்தேன். இலை நுனியில் தொங்கும் குடுவைக்குள் பூச்சி விழுந்தால் செரித்துவிடும் செடி. இறந்துபோன அவர் கணவர் வளர்த்தவை. நான்கில் இரண்டு போன கோடையில் கருகிவிட்டன. மிச்ச இரண்டையும் மலைக்குக் கொண்டுபோய், தண்டு வெட்டி நட்டுப் பெருக்கி, ஒன்றைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். சம்மதித்தார்.

"ஆனா இப்ப மார்கழிங்க அம்மணி. பங்குனியில வந்து எடுத்துக்கங்க."

எங்கள் பக்கம் மார்கழியில் எதையும் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். செடிக்கு ஏது மார்கழி என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எதற்கும் பட்டியல் போடுகிறவள் நான். மழைநீர், வேரைச் சுற்ற ஈரப் பாசி, காற்றுப் போகும் பெட்டி, காலை முதல் பஸ். குளிரில் கொண்டுபோனால் இலை வாடாது என்பதையும் எழுதிக் காட்டி வற்புறுத்தினேன். "படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று அவரே பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

ஊட்டியில் பகல் வெயில் இதமாக இருந்தது. என் குடியிருப்பின் திறந்த வராந்தாவில் தொட்டிகளை வைத்தேன். பயணக் களைப்பு தீரட்டும் என்று தண்டு வெட்டுவதைத் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் காலை புல்தரை உப்புக் கொட்டியதுபோல் வெளுத்திருந்தது. குடுவைகளுக்குள் நீர் உறைந்து கட்டியாகிவிட்டது. வெயில் ஏற ஏற இலைகள் வெந்த கீரைபோல் கறுத்துத் துவண்டன. இரண்டு வாரம் பொறுத்துத் தண்டைக் கீறிப் பார்த்தேன். அடிவரை பழுப்பு. என் பட்டியலில் பகல் வெப்பம் இருந்தது, விடியற்காலைக் குளிர் இல்லை.

அந்த அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். நல்ல நாள் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்ததையும் மறைக்கவில்லை.

"நல்ல நாளெல்லாம் எனக்கெங்கீங்க? அங்க பனி கொட்டுமேன்னுதானுங்க சொன்னேன். முன்னே ஒருக்கா அவரு மலைக்குக் குடுத்தனுப்பின செடியும் இப்படித்தான் போச்சு."

அவர் திட்டவில்லை. ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். நான் கிளம்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஏன் பங்குனி என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்று யார் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்டுவிடுகிறேன், ஆனால் அவருக்கு அதனால் எதுவும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.