ஒரு கையால் சாத்தும் கதவு

வாகன உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்த விண்ணப்பப் பாரத்துக்குப் பின்னால் எந்தப் பாரம் வர வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கார் ஓட்ட மட்டும் தெரியாது. இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் பினாங்கில் குறைவு.

எங்கள் வீட்டுக் கார் என் மனைவியுடையது. மருத்துவமனையில் தாதியாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் வாங்கியது. சிறிய ஆங்கிலேயக் கார், அப்போதே பழையது. ஜார்ஜ்டவுனின் குறுகலான தெருக்களில் எல்லாம் அவள் அதை ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாலை விதிகளைச் சொல்லி வந்தேன்.

போன ஆண்டு அவளுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. கை தேறிவிட்டது, ஆனால் எதையும் ஓங்கி இழுக்க முடியாது. காரின் ஓட்டுநர் கதவையோ ஓங்கி இழுத்தால்தான் சாத்த முடியும். கடற்காற்று தின்றது போக மிஞ்சிய கதவு அது. முன் மட்கார்டுகள் இரண்டிலும் விரல் நுழையும் அளவுக்குத் துரு. பழைய கார்களைச் சேர்க்கும் ஈப்போக்காரர் ஒருவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவரை வரச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு மாசம் டைம் கேட்டிருக்கேன். அதுக்குள்ள கதவ இந்தக் கையால சாத்த முடிஞ்சுதுன்னா வச்சுக்குவேன். இல்லன்னா அவர் எடுத்துட்டுப் போகட்டும். ஓட்டாத வண்டியத் துடைச்சுக்கிட்டு உக்கார எனக்குப் பொறுமை இல்ல."

நான் வரவழைத்த புதுக் கதவும் இரண்டு மட்கார்டுகளும் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்தன. சாயம் அடித்துத் தர, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் பட்டறை வைத்திருப்பவர் ஒப்புக்கொண்டார். மாட்டுவது நான் என்றதும் அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அண்ணே, இது பாரம் நிரப்புற மாதிரி இல்லலா."

"பாரத்த ஒழுங்கா நிரப்பத் தெரியாதவங்கதான் எப்பவும் இப்படிச் சொல்வாங்க."

செய்முறைப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு நோட்டில் வரிசை எழுதினேன். முதலில் கதவு, கதவை ஒட்டி மட்கார்டு, மட்கார்டை ஒட்டி பானட். முன்பக்கத்திலிருந்து தொடங்குகிறவன் பின்னால் அழுவான். சாயம் அடிக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரு முறை மாட்டிப் பார்த்துக் கழற்றினேன். கதவைச் சுற்றியுள்ள இடுக்கில், சத்தே இறைச்சி கோக்கும் மெல்லிய மூங்கில் குச்சி ஒன்று தடையில்லாமல் போய்வர வேண்டும், இரண்டு குச்சிகள் நுழையக் கூடாது. இதுதான் என் அளவு. சாயம் அடித்து வந்ததும் மறுபடி மாட்டி, ரப்பர் ஒட்டி, பக்கவாட்டுக் குரோம் பட்டைகளை நூல் பிடித்துப் பொருத்தினேன். ஒவ்வொரு படி முடிந்ததும் நோட்டில் கையெழுத்து. மேற்பார்வையாளர் இடத்திலும் நானே கையெழுத்திட்டேன்.

கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது மனைவியை அழைத்துக் காட்டினேன். ஒரு விரலால் தள்ளினேன். 'க்ளிக்' என்று கதவு சாத்திக்கொண்டது.

அவள் குனிந்து காருக்கு அடியில் பார்த்தாள். வண்டி இன்னும் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது.

"என்னங்க, நான் இத ஆகாயத்துலயா ஓட்டப் போறேன்? கீழ இறக்குங்க."

ஜாக்கி போட்டு இறக்கினேன். அவள் கதவை இழுத்தாள். அதன் மேல் மூலை கார் வாசலின் பக்கத் தூணில் 'டொக்' என்று இடித்து நின்றது. புதுச் சாயம் நகத்தளவு பெயர்ந்தது.

ஸ்டாண்டுகளை வண்டியின் நடுப்பகுதியில் கொடுத்திருந்தேன். அதனால் முன்னும் பின்னும் தொங்கி, கதவு வாசல் மேலே சற்று விரிந்திருக்கிறது. சக்கரத்தில் நின்றதும் வாசல் பழையபடி ஒடுங்கிவிட்டது. புத்தகத்தில் இந்த எச்சரிக்கை இல்லை. எழுதத் தேவைப்படாது என்று நினைத்திருப்பார்கள்.

பட்டறைக்காரர் பாலம் தாண்டி வந்து பார்த்தார். சிரிப்பை அடக்கவேயில்லை.

"ரெண்டு தட்டு தட்டி, மூலையத் தேச்சுட்டா முடிஞ்சுது. அரை மணி நேர வேலை அண்ணே."

"தேய்க்க மாட்டேன். கதவு சரியாத்தான் இருக்கு. மாட்டினவன்தான் சரியில்ல."

"அப்ப எல்லாத்தையும் கழட்டணும்லா!"

"கழட்டுவேன். நீங்க அந்த மூலைக்குச் சாயம் மட்டும் வச்சுக் குடுங்க."

குரோம் பட்டையிலிருந்து தொடங்கி, மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றினேன். இம்முறை வண்டி தன் சக்கரங்களில் நின்றது. கீல் போல்ட்டுகளைத் தளர்த்தி, கதவை முழங்காலில் தாங்கி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். ஒரு போல்ட்டை முடுக்கினால் குச்சி சிக்கும். தளர்த்தி மறுபடி தொடங்குவேன். பதினோராவது முறை குச்சி சுற்றி வந்தது. மட்கார்டையும் பானட்டையும் அதே பொறுமையோடு கதவுக்கு இணக்கினேன். கழற்றியபோது வளைந்த ஒரு கிளிப்பை எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். வெள்ளிக்கிழமை மாலை முடித்தபோது என் முதுகு நிமிர மறுத்தது. அலுவலகத்தில் என் மேலதிகாரிகள் யாரிடமும் அவ்வளவு வளைந்ததில்லை.

சனிக்கிழமை காலை ஈப்போக்காரர் வந்தார். பட்டறைக்காரரும் வேலை இருப்பதுபோல் வந்து நின்றார். மனைவி காரில் ஏறி உட்கார்ந்தாள். வலது கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்து, பால் குவளையை நகர்த்துவதுபோல இழுத்தாள்.

'க்ளிக்.'

மறுபடி திறந்தாள். மறுபடி சாத்தினாள். மூன்றாவது முறை அவசியமே இல்லை. எனக்காகத்தான் செய்தாள் என்று நினைக்கிறேன்.

"யார் மாட்டினது?" என்று ஈப்போக்காரர் கேட்டார். பட்டறைக்காரர் வாய் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர். ரெண்டு தடவ."

நான் குரோம் பட்டையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அவள் இறங்கியதும் ஈப்போக்காரருக்கு ஆசை. கதவைத் தானும் திறந்து, பழைய கார் என்ற பழக்கத்தில் ஓங்கி அறைந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் மனைவியின் குரல் கேட்டது.

"மெதுவா தம்பி. இது விக்கிற வண்டி இல்ல."