வாயைப் பார்த்துப் படித்தவள்

எழுத்து எனக்குப் பழக்கமில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திச் சின்ன வகுப்புக்கு ஆசிரியையானவள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற நான் இதை எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு சிறுமிகளைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. பூந்தமல்லியில் ஒரு சிறிய பெண்கள் பள்ளியில் எனக்கு இரண்டாம் வகுப்பு. அதில் அம்மை கண்டு காது போன பெண் ஒருத்தி இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் பரீட்சையில் இந்தத் தடவையும் சொன்னதைச் செய்யாமல் விழித்தால் பேரை அடித்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

அவள் பக்கத்தில் உட்காருபவள் தையற்கார பாயின் மகள். ஒருநாள் நான் வழக்கம்போல் பலகையைப் பார்த்தபடி, "சிலேட்டைத் துடைங்க, கோடு போடுங்க, கணக்கை எழுதுங்க" என்றேன். பாயின் மகள் எழுந்தாள்.

"டீச்சர், பலகைக்கு இன்னா காதா கீது? இவ ஒங்க வாயப் பாத்துத்தான் புரிஞ்சிக்கிறா. மூணையும் ஒரே மூச்சுல சொன்னா எனக்கே தல சுத்துது."

வகுப்பு சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. ஆனால் அவள் செய்வதை அன்றுதான் கவனித்தேன். தோழியின் முழங்கையைத் தொடுவாள். திரும்பியதும் ஒன்றே ஒன்றைச் சொல்வாள். அது முடியும்வரை அடுத்ததைச் சொல்லமாட்டாள். தன் சிலேட்டை மட்டும் காட்டவே மாட்டாள். "காட்டினா அவ எழுதினதா ஆவுமா டீச்சர்" என்பாள். அதன்பிறகு நானும் அப்படியே சொல்லப் பழகினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பார்த்து எழுதிவிடுவார்கள் என்று பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்தார். பின்னால் நின்றுகொண்டு, "சிலேட்டை எடுங்கள்" என்றார். எல்லோரும் எடுத்தார்கள். காது கேளாதவள் எழுந்து, பலகைக்கு முதுகைக் காட்டி, அவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவருக்குக் கோபம் வந்தது. சொல்ல வேண்டியவள் நான். கோடியிலிருந்து பாயின் மகள்தான் பேசினாள்.

"அய்யா, அவளுக்குக் காது கேக்காது. வாயப் பாக்கணும். ஒங்க மீசை மறைக்குது."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு கேள்வித்தாளை என்னிடம் நீட்டி, "நீங்களே சொல்லுங்கள், அம்மா" என்றார்.

அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். குரல் நடுங்கியது. அவளுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை, உதடு தெரிந்தால் போதும். ஒன்று சொன்னேன், செய்தாள். அடுத்தது சொன்னேன். மூன்றாவது கணக்கில் நான் அவசரப்பட, கையை உயர்த்தி என்னை நிறுத்தி, மறுபடி சொல்லவைத்தாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்கிறார் என்ற பயம் அவள் முகத்தில் இல்லை. மூன்றும் சரி.

மறுநாள் தலைமையாசிரியை அவள் பேரை மூன்றாம் வகுப்பில் எழுதினார்.