அழிக்காமல் விட்ட புள்ளி

நான் பொய் சொல்கிறவன்தான். தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிறவர்களைக் கடலுக்குள் அழைத்துப் போகும் வாடகைப் படகில் இருபத்தாறு வருடம் கேப்டனாக இருந்தவன் பொய் சொல்லாமல் பிழைக்க முடியாது. ஒரு சாண் மீனை ஒரு முழம் என்போம். "நேத்து வந்திருக்கணும் சார், அள்ளிட்டுப் போனாங்க" என்போம். ஆனால் இதில் ஒரு சொல் கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு அவமானமான இடங்களைக்கூட மறைக்காமல் சொல்கிறேன். அதை வைத்தாவது நம்புங்கள்.

இன்னொன்று. பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை என்று காத்திருக்காதீர்கள். எனக்கு நடந்தது காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு.

எங்கள் துறைமுகத்தில் ஒரு காலத்தில் முப்பத்தொரு வாடகைப் படகுகள் நின்றன. இப்போது மூன்றே மூன்று. மீதி இடமெல்லாம் பணக்காரர்களின் வெள்ளைப் படகுகள். வருடத்துக்கு நாலு நாள் கூட நகராத அந்தச் சவங்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மீன் கிடைக்கும் இடங்களை ஒவ்வொரு கேப்டனும் தன் ஜிபிஎஸ் கருவியில் புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்திருப்பான். பெண்டாட்டியிடம் கூடச் சொல்ல மாட்டான். அவன் செத்துப்போனால், படகை விற்பதற்கு முன்பு இன்னொரு கேப்டன் உட்கார்ந்து அத்தனை புள்ளிகளையும் அழித்துவிட வேண்டும். அவன் கண்டுபிடித்தது அவனோடு போகட்டும் என்பதுதான் நாங்கள் கொடுக்கும் கடைசி மரியாதை.

பூட்டுவாயர் செத்தபோது அழிக்கப் போனவன் நான். யாரிடமும் வாயைத் திறக்காத மனிதர், அதனால் அந்தப் பெயர். ஆஸ்பத்திரியில் நோயில் படுத்துத்தான் போனார். அவர் கருவியில் இருநூற்றுப் பதினாலு புள்ளிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். ஒன்றுக்கு மட்டும் பெயர் இல்லை. ஆனால் அவர் படகு போய்வந்த தடங்கள் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் ஈ மாதிரி மொய்த்துக் கிடந்தன. மாதம் தவறாமல் போயிருக்கிறார். அங்கே மீன் கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்தேன்.

பின்னாலேயே அவருடைய மனைவி நின்றிருந்தார்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சா தம்பி?"

"எல்லாம் போயிடுச்சு அண்ணி."

பெயரில்லாத அந்த ஒரு புள்ளியின் எண்கள் மட்டும் என் உள்ளங்கையில் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. கூசவில்லை. எனக்கு அப்போது வேறு கவலை. எங்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த ஒரே ஹோட்டல் கறாராகச் சொல்லிவிட்டது. கடைசியாக ஆறு பேரை அனுப்புகிறோம், இவர்களும் வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த சீசனிலிருந்து பெரிய கம்பெனிப் படகுதான் என்று. அப்படி ஆனால் என் படகு இரும்புக் கடைக்குத்தான் போகும்.

அந்த ஆறு பேரோடு காலை எட்டரைக்குக் கிளம்பினோம். கூட வந்தவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. பன்னிரண்டு வருடமாக என் படகில் வேலை. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். எங்கே போகிறோம் என்று அவனிடமும் நான் சொல்லவில்லை.

வழியில் மூடுபனி இறங்கியது. 9.41க்கு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். ஆழம் நாற்பத்து மூன்று மீட்டர். நங்கூரத்தைப் போட்டேன். இஞ்சினை அணைத்தேன்.

முதலில் உறுத்தியது கடல்காக்கைகள். துறைமுகத்திலிருந்து இரைக்காகக் கத்திக்கொண்டே வந்தவை அங்கே வந்ததும் திரும்பிப் போய்விட்டன. ஒன்று கூட இல்லை.

9.50. ஆறு தூண்டில்களும் தண்ணீரில் கிடந்தன. யாருக்கும் ஒரு கடி கூட இல்லை. இழுத்துப் பார்த்தால் இரை போட்டது போட்டபடி இருந்தது.

"கேப்டன், இங்க மீன் இருக்கா, இல்ல எல்லாம் லீவா?" என்றார் தொப்பி போட்ட ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தொப்பியையே இரையாக மாட்டியிருப்பேன்.

9.58. மச்சினன் வீல் ஹவுஸிலிருந்து, அதாவது படகை ஓட்டும் அறையிலிருந்து, எட்டிப் பார்த்தான்.

"அத்தான், எக்கோல ஒண்ணு தெரியுது."

எக்கோ என்பது கடலுக்கு அடியில் இருப்பதைக் காட்டும் திரை. போய்ப் பார்த்தேன். தரையை ஒட்டி, தடிப்பாக, ஒற்றை அடையாளம். மீன் கூட்டம் இப்படித் தெரியாது. பெரிய மீன் என்றால் குறுக்கே ஓடும். இது நகரவில்லை. எங்களுக்கு நேர் கீழே இருந்தது.

பிறகு நகர்ந்தது. மேல்நோக்கி.

நாற்பத்து ஒன்று. முப்பத்தொன்பது. நின்றது. மறுபடி முப்பத்தேழு. களைத்துப்போனவன் நடுவில் மூச்சு வாங்குவது போல... நின்று நின்று.

10.02. படகின் முன்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. அப்புறம் நிமிர்ந்தது. மறுபடி தாழ்ந்தது. அலையே இல்லை. நங்கூரக் கயிறு 'க்ர்ர்ர்' என்று முனகியது. நின்றது. 'க்ர்ர்ர்...'

யாரோ கயிற்றைப் பிடித்து ஏறுகிறார்கள்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. பார்த்த உடனே என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

"இஞ்சினைப் போடுடா!" என்று கத்தினேன். மச்சினன் சாவியைத் திருப்பினான். இஞ்சின் இருமிவிட்டு அணைந்தது. நான் முன்னால் ஓடி நங்கூரத்தைத் தூக்கும் மோட்டாரைப் போட்டேன். அது ஒரு சுற்று இழுத்தது. அப்புறம்... கயிறு பின்னோக்கிப் போனது. கீழே இருந்து இழுத்தார்கள்.

விருந்தாளிகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். தொப்பிக்காரர் பாதுகாப்பு உடுப்பைத் தேடினார்.

"இருபது!" மச்சினன் வீல் ஹவுஸிலிருந்து கத்தினான். "அத்தான், பதினஞ்சு!"

இப்போது அது நிற்காமல் ஏறியது.

"பதினொண்ணு!"

முன்பக்கம் தண்ணீரைத் தொட்டது.

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தேன்.

10.07.

"ஆறு!"

கயிற்றில் கத்தியை வைத்தேன்.

"அறுக்காதீங்க அத்தான்."

காதுக்குப் பக்கத்தில். கெஞ்சல் இல்லை. மிரட்டல்.

நான் திரும்பவில்லை.

அறுத்தேன்.

அறுந்த நுனி உடனே விழவில்லை. ஒரு நொடி... விறைத்து நின்றது. பிறகு சரேலென்று உள்ளே போனது.

'டம்.'

அடிப்பலகையில் ஓர் அடி. முன்னால்.

'டம்.' நடுவில்.

'டம்.' என் காலுக்கு நேர் கீழே.

இஞ்சின் பிடித்தது. திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன். ஆறு பேரும் ஒரு மீன் கூட இல்லாமல் இறங்கிப் போனார்கள். சாயங்காலமே ஹோட்டலிலிருந்து போன் வந்தது. இனி ஆள் அனுப்ப மாட்டோம் என்றார்கள். கேட்டுக்கொண்டேன்.

படகைக் கட்டியதும் மச்சினன் மேல் பாய்ந்தேன்.

"எல்லாரும் மூழ்கப் போறோம், அறுக்காதீங்கன்னு சொல்றே? புத்தி கெட்டுப் போச்சா?"

அவன் என்னையே பார்த்தான்.

"நான் வீல் ஹவுஸ விட்டு வெளியவே வரல அத்தான். அங்கிருந்து ஆழத்த மட்டுந்தான் கத்திக்கிட்டிருந்தேன்."

நாலு நாள் தூக்கம் இல்லை. ஐந்தாம் நாள் பூட்டுவாயர் வீட்டுக்குப் போனேன். ஒரு புள்ளியைத் திருடினேன், அங்கே போய் நங்கூரம் போட்டேன் என்று மட்டும் அவர் மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். அந்தக் குரலைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அங்க அவர் மீன் பிடிக்கப் போகல தம்பி. மன்னிப்புக் கேக்கப் போனார். இஞ்சினை அணைக்க மாட்டார், நங்கூரம் போட மாட்டார். தூரத்துல சுத்திட்டு வந்துடுவார்."

"யார்கிட்ட மன்னிப்பு?"

"என் தம்பிகிட்ட. அவன்தான் அப்ப இவர் படகுல வேலை. இருபத்தேழு வருஷம் ஆச்சு. நங்கூரம் போடறப்ப கயிறு காலைச் சுத்தி உள்ள இழுத்துட்டுப் போயிடுச்சு. எப்படியோ காலை விடுவிச்சுக்கிட்டு, அதே கயித்தப் பிடிச்சு ஏறி வந்திருக்கான். நல்ல காத்து. நங்கூரம் அடியில சிக்கி, படகு மூக்கு தண்ணிக்குள்ள போக ஆரம்பிச்சிருக்கு. மேல ஏழு பேர் விருந்தாளிங்க. இவர் கத்திய எடுத்துட்டார்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அவன் தலை தண்ணிக்கு மேல வந்துடுச்சாம் தம்பி. 'அறுக்காதீங்க அத்தான்'னு சொன்னானாம். சாகற வரைக்கும் இவர் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதார்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நங்கூரத்தைத் தூக்குனீங்களா தம்பி... இல்ல, அறுத்துட்டீங்களா?"

"அறுத்துட்டேன் அண்ணி."



"இத்தன வருஷமா அவன் கோவமெல்லாம் ஒருத்தர் மேலதான் இருந்துச்சு. அவரும் போயிட்டார், இனிமேலாவது அடங்குவான்னு நெனச்சேன். இப்ப நீங்களும் அறுத்திருக்கீங்க."

சொல்லிவிட்டு எழுந்து போய், நான் வெளியே போவதற்காக வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.