பெலிசியாவின் காத்தாடியும் தில்லையம்மாளின் கரைவலையும்

பெலிசியாவுக்குக் காற்று என்றால் அப்படியொரு கிறுக்கு. திருப்பாதிரிப்புலியூரில் வீடு, தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலை என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கோடை விடுமுறையில் ராமேசுவரம் போனவள், காலில் பலகையும் இடுப்பில் பெரிய காத்தாடியும் கட்டிக்கொண்டு ஆட்கள் கடல்மேல் சறுக்குவதைப் பார்த்துவிட்டாள். கைட் போர்டிங்காம். அத்தோடு வேலைக்கு முழுக்கு. அம்மா சவரிமேரி பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து புத்தி சொல்ல வைத்தார். "ஃபாதர், நீங்க ஒரு தடவ பலகையில ஏறிப் பாருங்க, அப்பறம் பேசுவோம்" என்றாள் பெலிசியா. அவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இப்போது சாமியார்பேட்டைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் அவள் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்றால் ஒரு கொட்டகை, கொஞ்சம் காத்தாடிகள், சிதம்பரத்திலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள்.

அதே கரையில்தான் அந்தக் குப்பத்துத் தில்லையம்மாளின் கரைவலையும் இறங்கும். வலையோடு படகு கடலுக்குள் போய் நிற்கும். மீன் கூட்டம் எங்கே திரும்புகிறது என்று அவள் தம்பி கொளஞ்சி கரையில் நின்று பார்ப்பான். அவன் தலைக்குமேல் ஆட்டும் சிவப்புத் துண்டைச் சட்டென்று கீழே இறக்கினால், படகில் இருப்பவர்கள் வலையை விடவேண்டும்.

போன மாசி மாதம் ஒரு பயிற்சி மாணவி சிவப்புக் காத்தாடியைத் தடாலென்று மணலில் இறக்கினாள். படகில் இருந்தவர்கள் அதைத் துண்டு என்று நினைத்து வலையை விட்டுவிட்டார்கள். கொளஞ்சி தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை. குப்பமே கரையில் நின்று கயிறு பிடித்து வலையை இழுத்தது. வந்ததெல்லாம் ஜெல்லி மீன், ஓரமாகக் கொஞ்சம் நெத்திலி.

பெலிசியாவுக்கு உயிரே போய்விட்டது. மாணவர்களோடு ஓடிப்போய்த் தானும் கயிறு இழுத்தாள். கயிற்றில் கை வைத்தவர் யாரானாலும் ஒரு கை மீன் உண்டு என்பது அந்தக் கரையின் வழக்கம். நம்மால் கெட்ட வலையில் நமக்குப் பங்கு வேறா என்று கூச்சப்பட்டு, வாங்காமலே நழுவிவிட்டாள். அன்றிலிருந்து தில்லையம்மாள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் நீர் விளையாட்டுகளுக்கு அரசு ஒரு வரைவு விதி வெளியிட்டது. உரிமம் வேண்டும், கரையில் மீட்புப் படகு நிற்கவேண்டும், குப்பத்தார் சம்மதிக்கவேண்டும். விதியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடலில் யாரும் சாகக் கூடாது என்பதுதானே அதன் சாரம்? ஆனால் படகுக்கு அவள் எங்கே போவாள்? சம்மதத்தை யாரிடம் கேட்பாள்? இரண்டும் கிடைக்காவிட்டால் கொட்டகையைப் பிரிக்கவேண்டியதுதான்.

சிதம்பரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. பெலிசியா தன் பயிற்சி முறைகளைச் சொல்லிவிட்டு, படகு இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். அப்போது பின்வரிசையில் தில்லையம்மாள் எழுந்தாள்.

"இந்தப் பொண்ணு காத்தாடியால எங்க வலை ஒரு நாளு வீணாப் போச்சு, சார்."

"அப்ப தடை பண்ணணும்ங்கிறீங்களா?"

"தடையா? நான் எப்ப சொன்னேன்? வலை கெடுறதெல்லாம் கடல்ல சகஜம். கயிறு புடிச்சிட்டுப் பங்கு வாங்காமப் போனாளே, அதான் எனக்கு ஆத்திரம். எங்க மீனு அவுங்களுக்கு ஆவாதா?"

பெலிசியா பதறி எழுந்தாள். "ஐயோ அக்கா, வெக்கப்பட்டுதான் போனேன். சத்தியமா வேற எதுவும் இல்ல."

"அத அன்னிக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" என்ற தில்லையம்மாள் அதிகாரி பக்கம் திரும்பினாள். "வலை போடுற நேரத்துல காத்தாடி பறக்கக் கூடாது. மத்த நேரம் எங்க படகு கரையில சும்மாதான் கெடக்குது. மோட்டார் இருக்குது, கொளஞ்சி இருக்கான். நீங்க சொல்ற பயிற்சி எதுவா இருந்தாலும் குடுங்க, கத்துக்குவான்."

அதிகாரி குழம்பிப் போனார். "சரிம்மா, உங்க கருத்த ஆட்சேபம்னு எழுதறதா, சம்மதம்னு எழுதறதா?"

"ரெண்டையும் எழுதுங்க சார். பக்கத்துல இருக்கிறவங்கன்னா ரெண்டும்தான் இருக்கும்."

கூடமே சிரித்தது. பெலிசியா சிரித்துக்கொண்டே அழுதாள், கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம். தில்லையம்மாள் அவளருகில் வந்து தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போதும் அழுதது, கண்ணத் தொட. நாளைக்கு விடியவே வலை போடுறோம், கயிறு இழுக்க ஆளு கம்மி. வரும்போது பை எடுத்துக்கினு வா."